சுவரோரப் பாத்திக்குக் குட்டைச் செடிகள்

மதுரையில் எங்கள் வீட்டின் தென்புறச் சுற்றுச்சுவரை ஒட்டி, ஒன்பது அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்திற்கு அருகே புதர் மண்டினால் பூச்சி பொட்டு அடையும் என்பது அம்மாவின் உறுதியான கருத்து. ஆகவே அங்கே எதை வைத்தாலும் ஓர் அடிக்கு மேல் வளரக்கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டோம். நல்ல வெயில் விழும் இடம், குட்டையாகப் பூக்கும் செடி நான்கு வாங்கினால் போதும் என்று நினைத்துத்தான் மூன்றாண்டுகளுக்கு முன்பு தொடங்கினேன். எனக்கு அப்போது தெரியாதிருந்தது செடிகளைப் பற்றி அன்று, வெயிலைப் பற்றி.

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால், அந்த மாதங்களில் சுவர் பாத்தியை மறைப்பதே இல்லை. மார்கழியிலோ சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடுகிறது. ஐந்தடிச் சுவரின் நிழல், அது மிகவும் குறுகியிருக்கும் நண்பகலிலேயே மூன்றேகால் அடிக்கு நீள்கிறது. பாத்தியின் அகலமே இரண்டரை அடிதான் என்பதால், கார்த்திகை தொடங்கித் தை பாதி வரை அந்த மண்ணில் நேர்வெயில் படுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும் நாட்களும் ஏறக்குறைய இவையே. வெயிலுக்கென்று வாங்கிய செடிகள், நனைந்த மண்ணிலும் நிழலிலும் இரண்டு மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது. நாற்றுப்பண்ணைக்குப் போகும்முன் ஒரு சித்திரையிலும் ஒரு மார்கழியிலும் நிழலின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்திருந்தால், முதல் ஆண்டில் செலவழித்த பணம் மிஞ்சியிருக்கும்.

முதலில் வைத்தது பத்துமணிப்பூ. தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடியானாலும், நம் ஊர்க் கோடைக்கென்றே பிறந்ததைப் போல் வளரும். சதைப்பற்றுள்ள மெல்லிய இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்வதால், இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. மூன்று விரல் நீளத் தண்டைக் கிள்ளி மண்ணில் செருகினால் ஒரு வாரத்தில் வேர்விடும். அரையடி இடைவெளியில் வைத்தால் இரண்டு மாதத்திற்குள் தரை தெரியாமல் மூடிவிடும். காலை வெயில் ஏறியதும் பூக்கள் விரியும்போது அருகில் குந்தியிருந்து பார்க்க வேண்டும். நடுவிலுள்ள மகரந்தத் தாள்களைத் துடைப்பக் குச்சியின் நுனியால் தொட்டால் அவை மெல்ல அசைகின்றன; கொசுத்தேனீ வந்து உட்கார்ந்தாலும் அப்படித்தான். காய் முற்றியதும் அதன் மேல்பாதி மூடிபோலக் கழன்று விழ, உள்ளே எஃகு நிறத்தில் தூள்போன்ற விதைகள் இருக்கின்றன. இவ்வளவு அழகும் ஐப்பசி மழை வரையில்தான். முதல் ஆண்டு தீபாவளிக்குப் பிறகு பெய்த மழையில் தண்டுகள் அடியில் கறுத்து, பத்தே நாளில் பாத்தி முழுதும் அழுகிப்போயிற்று.

வெறுமையாகக் கிடந்த இடத்தை மறைக்கும் அவசரத்தில் நான் செய்த பிழை அதைவிடப் பெரிது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி ஒரு நாற்றுப்பண்ணையில் கொடுத்த படர்கொடியை வாங்கி நட்டேன். மழை ஓய்வதற்குள் அது பாத்தியைத் தாண்டி, வண்டி நிறுத்தும் இடத்தின் கல்லிடுக்குகளில் வேரூன்றிவிட்டது. பிறகு இலையைக் கூர்ந்து பார்த்தபோதுதான் அது வெடிலியா என்று விளங்கியது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிளவில்லாமல் குறுகலாக இருக்கும்; வெடிலியாவின் இலையில் பக்கத்துக்கு ஒன்றாக முனை துருத்தி, மூன்று மடலாகத் தெரியும். பூவை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறாமல் இருப்பது கடினம். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் வெடிலியாவும் ஒன்று. கணுவுக்குக் கணு வேர்விடும் அந்தக் கொடியை முற்றிலும் களைய எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. வெயிலில் தரையோடு படரும் கொடி வேண்டுமென்றால் நம் வரப்புகளில் கிடக்கும் பொடுதலையே போதும். அதுவும் கணுவில் வேர்விடுவதுதான் என்றாலும், விளிம்பில் பாதி புதைத்த செங்கல் வரிசை ஒன்று வைத்துவிட்டு, எல்லை மீறுவதை அவ்வப்போது நறுக்கினால் அடங்கிக் கிடக்கிறது.

குட்டை ரக இட்லிப்பூவைச் சுவரோரம் வைத்ததும் சரிப்படவில்லை. சுவர் பூசியபோது சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மை உடையதாக்கி வைத்திருந்தன. அத்தகைய மண்ணில் இட்லிப்பூவால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடிவதில்லை என்பதால், நரம்பு பச்சையாகவே இருக்க இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாயின. அவற்றைத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது பாத்தியைச் செங்கல் கட்டி அரையடி உயர்த்தி, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பியிருக்கிறேன். மழைநீர் நிற்காமல் வடிந்துவிடுவதே பாதி வெற்றி. தொழுவுரத்தைத் தாராளமாகப் போட்டால் இலைதான் செழிக்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டேன். சுவரை ஒட்டிய பின்வரிசையில் குட்டை ரக நித்தியகல்யாணி நிற்கிறது. அதற்கும் ஈரம் தேங்கினால் தண்டழுகல் வரும். உயர்த்திய பாத்தியில் சென்ற மழைக்குப் பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன. நடுவில், விஷ்ணுகிராந்தியின் பிரேசில் நாட்டு உறவான நீலப்பூச் செடியை வைத்திருக்கிறேன். நம் விஷ்ணுகிராந்தியையே வைக்கத்தான் ஆசைப்பட்டேன். தரிசில் தானாக முளைத்துக் கிடந்ததை இருமுறை பெயர்த்து வந்து நட்டும் பிழைக்கவில்லை. பத்துமணிப்பூவையும் கைவிட மனம் வரவில்லை. புரட்டாசியில் நுனிகளைக் கிள்ளி, மழை படாமல் வெயில் மட்டும் விழும் மாடி ஜன்னலோரத்தில் சிறு தொட்டிகளில் வளர்த்து, மாசி பிறந்ததும் மீண்டும் முன்வரிசையில் இறக்குகிறேன்.

குழாயடிப் பக்கம் ஒன்றரை அடி இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே பருப்புக்கீரை போடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவும் பத்துமணிப்பூவின் இனந்தான், ஓர் அடியைத் தாண்டாது, கூட்டுக்கும் ஆகும் என்பதால் என்னிடம் மறுப்பதற்குக் காரணம் இல்லை.