கால்சியம் ஸ்கோரும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

அப்பாவுக்கு ஐம்பது வயசிலேயே ஹார்ட் அட்டாக். அதனால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் என் எல்டிஎல் 168 என்று வந்ததும், அடையாறில் நான் பார்க்கிற டாக்டர் கால்சியம் ஸ்கோர் எடுக்கச் சொல்லிவிட்டார். இதய ரத்தக்குழாய்களில் படிந்த கால்சியத்தை அளக்கிற, ஊசி, டை எதுவும் இல்லாத டெஸ்ட். நெஞ்சில் ஈசிஜி ஒயர்களை ஒட்டி சிடி மெஷினில் படுக்க வைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க சார்" என்றார்கள், முடிந்தது. காலை காபி கூடாது என்பதுதான் பெரிய தண்டனை.

ஸ்கோர் 140. அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் வகை மாத்திரையை எழுதினார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்க எச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்ற என்சைம் வேண்டும். மாத்திரை அதைத் தடுக்கிறது. சரக்கு குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடுகிற எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. இந்த வகையின் முதல் மருந்தை 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுத்தார். நாமோ ஊறுகாயில் பூஞ்சணம் பூத்தால் ஜாடியோடு தூக்கிப் போடுகிறோம்.

பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் டாக்டர் ரத்தக்குழாயை வரைந்து காட்டினார். கொழுப்புப் படிவத்தின் மேல் நார் மூடி. உள்ளே சேர்ந்த வெள்ளணுக்கள் விடும் மெட்டலோபுரோட்டினேஸ் என்சைம்கள் அந்த மூடியை அரித்து மெலிய வைக்கும். அது கிழிந்தால் ரத்தம் உறையும், அட்டாக் வரும். பாதிதான் அடைத்திருந்தது என்று சொல்லப்பட்டவர்களுக்குக்கூட திடீரென்று வருவது இதனால்தானாம்.

"லிவர் போயிடும் மாமா" என்று மைத்துனன் பயமுறுத்தினான். ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் லேசாக ஏறியிருந்தது. இயல்பு அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் கவலை என்றார் டாக்டர். எனக்கிருந்த தொடை வலிக்குத்தான் சிபிகே என்ற தசை என்சைமைப் பார்க்கச் சொன்னார். இந்த டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஜிம், பீச்சில் ஓட்டம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தசை கடுமையாக உழைத்தாலே அந்த என்சைம் ஏறிவிடும், மாத்திரை மேல் பழி விழும். எனக்கு நார்மல். டோஸைக் குறைத்ததும் வலியும் போனது.

வருஷாவருஷம் கால்சியம் ஸ்கோர் எடுத்து இறங்கியதா என்று பார்க்க நினைத்தேன், டாக்டர் வேண்டாம் என்றார். ஸ்டாடின் படிவத்தை இறுகச் செய்வதால் ஸ்கோர் ஏறக்கூடச் செய்யுமாம். அது கெட்ட செய்தி இல்லை. பார்க்க வேண்டியது எல்டிஎல். இப்போது 84. அவர் 70க்குக் கீழே கேட்கிறார். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைபையும் சேர்க்கலாமா என்பதை அடுத்த ரிப்போர்ட் பார்த்து முடிவு செய்வோம் என்றிருக்கிறார்.