சான்றுக்கு அப்பாலான உறவு

கடவுள் இருக்கிறார் என்று நிறுவ எழுந்த வாதங்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றில் எதுவும் என்னை ஒருநாளும் பிரார்த்தனைக்கு அழைத்துச் சென்றதில்லை. நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான பிளேஸ் பாஸ்கல், 1654 நவம்பர் 23 இரவு தமக்கு நேர்ந்த இறையனுபவத்தை எழுதி, அதை மேலங்கியின் உட்புறத்தில் வைத்துத் தைத்திருந்தார் என்பதும், 1662இல் அவர் இறந்த பிறகே அது பிறர் கண்ணில் பட்டது என்பதும் எனக்கு எந்தத் தர்க்கத்தைவிடவும் நெருக்கமானவை. தத்துவ அறிஞர்களின் கடவுளை அன்று, ஆபிரகாமின் கடவுளையே அதில் அவர் விளித்திருந்தார். அளந்தறியும் கலையில் தேர்ந்தவர், அளவைக்கு உட்படாத ஒன்றை நெஞ்சருகே சுமந்து நடந்திருக்கிறார்.

உறவென்றால் ஐயமே எழாது என்று பொருளல்ல. வேண்டியது கிடைக்காத இரவுகளில் மனம் கசந்து கடவுளிடம் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தப் பிணக்கும் அவரை நோக்கியே இருந்தது.