வைரஸின் பருமனும் செறிவும்: பரீட்சைக்குப் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிரியல் படித்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வைரஸ் துணிக்கைகளை அளக்கும் முறைகளை வரிசையாகப் பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் எதை எண்ணுகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளாக் சோதனை, கலத்தைத் தொற்றக்கூடிய வைரஸை மட்டுமே எண்ணும். கலப்படையில் வைரஸ் கலங்களை அழித்த ஒவ்வொரு தெளிந்த இடமும் ஒரு பிளாக். விலங்கு வைரஸ்களுக்கு அதை 1952இல் கொண்டுவந்தவர் வைரஸ் ஆய்வாளர் டல்பெக்கோ. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எண்ணினால், தொற்றும் திறன் இல்லாத துணிக்கையும் கணக்கில் சேரும். ஒரே மாதிரிக்கு இரண்டு விடை வருவது அதனால்தான். போலியோ வைரஸில் இந்த வித்தியாசம் நூறு மடங்கையும் தாண்டலாம். இரண்டு விடையும் சரிதான். ஏன் வேறுபடுகின்றன என்று எழுதத் தெரிய வேண்டும்.

கணக்கு லேசு. 10⁻⁶ ஐதாக்கலில் 0.1 மில்லிலீற்றர் இட்டு 42 பிளாக் கிடைத்தால், மில்லிலீற்றருக்கு 4.2×10⁸ பிளாக் உண்டாக்கும் அலகு. அந்த 0.1ஆல் வகுப்பதைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நனோதுணிக்கைத் தடமறிதலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். லேசர் ஒளியில் ஒவ்வொரு துணிக்கையும் ஒரு புள்ளியாக மினுங்கி அலையும். சிறியது வேகமாக அலையும், பெரியது மெதுவாக. அந்த அலைவிலிருந்து பரவற் குணகம், அதாவது துணிக்கை எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் எண், கிடைக்கும். அதை ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் போட்டால் விட்டம் வரும். ஆனால் அதில் வெப்பநிலையும் பிசுக்குமையும் (திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடை) இருக்கின்றன. புத்தகக் கணக்குகளில் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ். எங்கள் மட்டக்களப்பு வெயிலில் அறைக்குள்ளேயே 30 பாகை வந்துவிடும். தண்ணீரின் பிசுக்குமை 20 பாகையில் 1.0 மில்லிபஸ்கால் செக்கன், 30 பாகையில் 0.8. முப்பதில் அளந்துவிட்டு இருபதுக்குரிய எண்களைப் போட்டால், 100 நனோமீற்றர் வைரஸ் 77 நனோமீற்றராகத் தெரியும்! இதை ஒருதரம் கையாலேயே செய்து பாருங்கள், சமன்பாடு பிறகு மறக்காது.

அப்புறம் இயங்கு ஒளிச்சிதறல். துணிக்கைகள் எல்லாம் சேர்ந்து சிதறும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து சராசரி விட்டத்தைக் கணிக்கும் முறை இது. இவ்வளவு சிறிய துணிக்கைகளில் சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு விகிதசமன். விட்டம் இரட்டித்தால் ஒளி 64 மடங்கு. ஒட்டிக்கொண்ட சில திரள்களே சராசரியை மேலே இழுத்துவிடும். டெங்கு வைரஸ் சுமார் 50 நனோமீற்றர்தான். வினாத்தாளில் அதற்கு 200 என்று ஒளிச்சிதறல் விடை தந்திருந்தால், திரள் இருக்கலாம் என்று எழுதி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.