மீறல் இல்லை என்றது கருவி, 212 ஃபிளிப்-ஃப்ளாப்களைப் பார்க்காமலே

டேப்-அவுட்டுக்கு, அதாவது சிப்பின் வடிவமைப்பைத் தயாரிப்புக்கு அனுப்பும் கெடுவுக்கு, பதினோரு நாள் இருக்கும்போது எழுந்த பதற்றம் இன்னும் முழுவதும் அடங்கவில்லை. ஓப்பன்எஸ்டிஏ என்ற மென்பொருள் கருவியைக் கொண்டு முதன்முறையாக ஒரு சிப்பின் டைமிங்கை, அதாவது சிக்னல்கள் உரிய நேரத்தில் போய்ச் சேருகின்றனவா என்பதை, சரிபார்க்கப் போகிறவர்கள் நான் விழுந்த குழியில் விழ வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வடிவமைப்பு சிறியது. ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் செல் நூலகம், 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் (ஒரு சுற்றுக்கு 20 நானோ விநாடி), ஏறத்தாழ 640 ஃபிளிப்-ஃப்ளாப்கள் (கிளாக் துடிக்கும்போது ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் உறுப்புகள்). அதில் ஒரு பகுதி மட்டும் பாதி வேகத்தில் ஓடினால் போதும் என்பதால், ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் வைத்துக் கிளாக்கை இரண்டால் வகுத்திருந்தேன். கருவியை நிறுவியது, லிபர்ட்டி கோப்பையும் (செல்களின் தாமத விவரம்) நெட்லிஸ்ட்டையும் (செல்களின் இணைப்புப் பட்டியல்) படிக்க வைத்தது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. அறிக்கையில் மீறல், அதாவது நேரம் தவறிய பாதை, ஒன்றுகூட இல்லை. மிக மோசமான பாதைக்கே 6 நானோ விநாடி மிச்சம்.

மகிழ்ச்சியோடு, கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “எத்தனை ஃபிளிப்-ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறது?” என்னிடம் பதில் இல்லை. “செக்_செட்டப் ஓட்டிப் பாருடா” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கருவிக்கு நாம் சொல்லாமல் விட்டதைக் காட்டும் அந்தக் கட்டளையை ஓட்டினேன். கிளாக் வந்து சேராத ஃபிளிப்-ஃப்ளாப்கள் 212 என்றது. மூன்றில் ஒரு பங்கு!

காரணம் இதுதான். கிளாக் ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்புக்குள் போனால், அதன் வெளியீட்டிலிருந்து வருவதும் கிளாக்தான் என்று கருவி தானாக எடுத்துக்கொள்ளாது. கிளாக் முதலிய நிபந்தனைகளைச் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பில் கிரியேட்_ஜெனரேட்டட்_கிளாக் என்று நாம் எழுதித் தர வேண்டும். நான் எழுதவில்லை. கிளாக் தெரியாத இடத்தில் எந்த நேரத்தோடு ஒப்பிடுவது? அதனால் அந்தப் பாதைகள் அறிக்கைக்கே வரவில்லை. செல்களைச் சிப்பில் அடுக்கி இணைக்கும் லேஅவுட் கருவியும் அதே கோப்பை நம்பியதால், அந்த 212-க்கும் கிளாக்கைக் கொண்டுசேர்க்கும் கிளாக் மரமே கட்டப்படவில்லை. மீறல் இல்லை என்ற வரியை நம்பி அனுப்பியிருந்தால் மாதக்கணக்கான உழைப்பு மணலாகியிருக்கும்.

ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. வெரிலாக் நிரலை நெட்லிஸ்ட்டாக மாற்றும் (சிந்தசிஸ்) கருவியான யோசிஸ், கிளாக்கை இரண்டால் வகுக்கும் அந்த ஃபிளிப்-ஃப்ளாப்புக்கு, அதாவது வகுப்பானுக்கு, வெறும் எண்ணைப் பெயராக வைத்திருந்தது. அந்த எண்ணையே கோப்பில் எழுதினேன், வேலை செய்தது. மறுநாள் வெரிலாக்கில் சிறு திருத்தம் செய்து மீண்டும் சிந்தசிஸ் ஓட்டியதும் எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. பழைய எண் இப்போது வேறொரு ஃபிளிப்-ஃப்ளாப்புக்குச் சொந்தம். அந்தப் பெயர் இருக்கிறது என்பதால் எச்சரிக்கைகூட வரவில்லை. செக்_செட்டப்பை மறுபடியும் ஓட்டியதால் தப்பித்தேன். கருவி தானாக இடும் பெயரைக் கட்டுப்பாட்டுக் கோப்பில் ஒருபோதும் எழுதாதீர்கள்.

அடுத்தது ஹோல்ட்: கிளாக் துடித்த பிறகும் தரவு சற்று நேரம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற விதி. அதுவரை 25 டிகிரி, 1.80 வோல்ட் கார்னரை (சிப் இயங்கக்கூடிய நிலைகளில் ஒன்று) மட்டுமே பார்த்திருந்தேன். மைனஸ் 40 டிகிரி, 1.95 வோல்ட் வேகக் கார்னரில், கிளாக் மரத்தின் உண்மையான தாமதத்தையும் சேர்த்து ஓட்டியபோது ஹோல்டில் மிச்சம் மைனஸ் 0.31 நானோ விநாடி, அதாவது மீறல். வகுத்த கிளாக் ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பைக் கடந்து தாமதமாக வருகிறது. முதன்மைக் கிளாக்கில் கிளம்பும் தரவு அதற்குள் வந்து பழைய மதிப்பை அழித்துவிடுகிறது. செட்டப் (அடுத்த துடிப்புக்கு முன்பே தரவு வந்துவிட வேண்டும் என்ற விதி) தவறினால் கிளாக்கை மெதுவாக்கிப் பிழைக்கலாம். ஹோல்ட் தவறிய சிப்புக்கு அந்த வழி கிடையாது.

இரண்டு நாள், தரவைத் தாமதப்படுத்தச் சேர்க்கும் பஃபர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, வகுப்பானையே தூக்கி எறிந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே கிளாக்; பாதி வேகப் பகுதிக்கு ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் மட்டும் எனேபிள் (புது மதிப்பை ஏற்க அனுமதிக்கும் சிக்னல்). முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது. ஹோல்ட் மீறல்கள் அத்தனையும் போயின.

ஆனால் 100 டிகிரி, 1.60 வோல்ட் மந்தக் கார்னரில் பெருக்கியின் பாதை 20 நானோ விநாடிக்குள் அடங்கவில்லை. இரு முனையிலும் அதே எனேபிள் இருப்பதால் அதற்கு இரண்டு சுற்று அவகாசம் தருவது நியாயம்தான். செட்டப்புக்கு மல்டிசைக்கிள் 2 என்று எழுதினேன். உடனே ஹோல்டில் மைனஸ் 19 நானோ விநாடி என்று வந்து நின்றது! செட்டப் சோதனையை ஒரு சுற்று தள்ளினால் ஹோல்ட் சோதனையும் கூடவே நகர்கிறது. ஹோல்டுக்கு 1 என்று இன்னொரு வரி எழுதினால்தான் அது பழைய இடத்துக்குத் திரும்பும். அதைக் கவனிக்காமல் ஹோல்டைத் தானாகச் சரிசெய்யும் கட்டளையை ஓட்டினால், தேவையே இல்லாத பஃபர்களை அது வரிசையாகத் திணிக்கும்.

இப்போது என் ஸ்கிரிப்ட்டில் கோப்புகளைப் படித்ததும் ஓடுவது செக்_செட்டப். அது ஏதாவது சொன்னால் மற்றதெல்லாம் நின்றுவிடும். கடைசி நாளில்கூட, உள்ளீட்டுத் தாமதம் (வெளியிலிருந்து சிக்னல் வந்து சேர ஆகும் நேரம்) கொடுக்காத ஒன்பது போர்ட்டுகளை அதுதான் பிடித்துக் கொடுத்தது. அவற்றையும் எழுதி முடித்து, மூன்று கார்னரிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கெடு முடிய ஐந்து மணி நேரம் இருக்கும்போது கோப்பை அனுப்பினேன்.