அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசா: இரண்டு தடவை போன கதை

அமெரிக்கா டூரிஸ்ட் விசாவுக்கு எங்கள் வீட்டில் இரண்டு தடவை சென்னைக்குப் போனோம். 2024 மார்ச்சில் போனது ரிஜெக்ட், அக்டோபரில் போனபோது கிடைத்தது. நடுவில் அப்பாவின் சொத்து ஒரு சென்ட்கூட ஏறவில்லை, பேங்கில் இருந்த பணம் குறைந்துதான் இருந்தது, ஃபீஸ் இரண்டு தடவை கட்டினோமே. மாறியது ஃபாரம் மட்டும்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 71 வயது, ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்), இன்றும் விடியுமுன் எழுந்து தானே பால் வெட்டுகிறார். அம்மா வீடும் கோழியும். தங்கச்சி டாலஸில் வேலை விசாவில் இருக்கிறாள், 2024 ஜூனில் அவளுக்குப் பிரசவம். அதற்கு இவர்கள் போகவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நமக்கு இதெல்லாம் தெரியாது என்று முதலில் ஒரு ஏஜென்டிடம் போனோம். அவர் எடுத்த எடுப்பிலேயே, "மகள் அங்க இருக்குன்னு காட்டினா, பிள்ளை பாக்க வந்து அங்கேயே தங்கிருவாங்கன்னு நினைப்பான், சும்மா ஊர் சுத்திப் பாக்கன்னு போடுவோம்" என்றார். அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் உண்டா என்று ஃபாரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு 'இல்லை'. தங்கும் இடத்துக்கு ஏதோ ஒரு ஹோட்டல். இது போதாதென்று ஆடிட்டர் சர்ட்டிஃபிகேட், சொத்து மதிப்பீடு என்று தனியாக ஒரு செலவு, தாத்தா காலத்து மலையாளப் பத்திரத்தைக்கூட மொழிபெயர்த்து வாங்கினோம். நானும் தலையாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏஜென்டை மட்டும் திட்டி என்ன பயன்.

இன்டர்வியூவில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதும் அப்பா, "எனக்க மகளுக்குப் பிரசவம்" என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பொய் வராது, வந்தாலும் முகத்தில் தெரியும். அந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், பாஸ்போர்ட்டோடு ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளில் இருந்தது 214(பி), அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. திரும்பி ஊருக்கு வந்துவிடுவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்பதுதான் அதன் சாரம். அதற்கு அப்பீல் கிடையாது, கட்டிய ஃபீஸ் திரும்ப வராது, வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம். வேண்டுமென்றே பொய் சொன்னதாக அவர்கள் முடிவு செய்திருந்தால் நிரந்தரத் தடையே விழுந்திருக்கும் என்று அப்புறம் படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. குழந்தை பிறந்ததை அம்மா வீடியோ காலில்தான் பார்த்தாள்.

இரண்டாவது தடவை நானே உட்கார்ந்து நிரப்பினேன். டிஎஸ்-160 என்பது அந்த ஆன்லைன் ஃபாரத்தின் பெயர். புருஷன் பெண்டாட்டி என்றாலும் ஆளுக்கு ஒன்று தனித்தனியாக நிரப்பவேண்டும். ஆரம்பத்திலேயே ஒரு அப்ளிகேஷன் எண் வரும், அதைத் தாளில் எழுதி வைக்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள், 20 நிமிடம் சும்மா விட்டால் பக்கம் வெளியே தள்ளிவிடும். எனக்கு மூன்று தடவை தள்ளியது, அதில் ஒன்று கரண்ட் போனதால்.

முதல் கேள்வியிலேயே நம்மவர்களுக்கு வில்லங்கம் இருக்கிறது. அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கும், பெயர் மட்டும்தான். அமெரிக்காக்காரனுக்கு சர்நேம் இல்லாத மனிதன் கிடையாது. அதனால் இருக்கிற ஒரு பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்துப் போடவேண்டும், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்பா பெயரைப் புதிதாக உடைத்து ஒட்டுவது, தாத்தா பெயரைச் சர்நேமாகச் சேர்ப்பது எதுவும் வேண்டாம், பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். விசாவிலும் அப்படியே எஃப்என்யு என்றுதான் அச்சாகி வந்தது. தங்கச்சி இப்போது அப்பாவை 'மிஸ்டர் ஃப்னு' என்றுதான் கூப்பிடுகிறாள்.

அப்புறம் பிறந்த மாநிலம். அப்பா பிறந்தது 1953, அப்போது எங்கள் கல்குளம் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தானே. "உள்ளதச் சொல்லணும்னா திருவிதாங்கூர்னு போடு மக்களே" என்று அப்பா ஒரே பிடிவாதம், ஏஜென்டால் பட்ட பாட்டுக்குப் பிறகு அவருக்கு உண்மை மேல் அவ்வளவு பக்தி. பாஸ்போர்ட்டில் தமிழ்நாடு என்று இருக்கிறது, அதைத்தான் போட்டேன்.

கடந்த 5 வருடத்தில் பயன்படுத்திய சோஷியல் மீடியா கணக்குகளையும் கேட்கிறார்கள். நமக்கு ஒன்றும் இல்லை என்று அப்பா சொன்னார், தேடிப் பார்த்தால் மாமா பையன் எப்போதோ திறந்து கொடுத்த ஃபேஸ்புக் ஒன்று இருந்தது. அதையும் எழுதினேன். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்', எப்போது என்ற விவரத்தோடு. உறவினர் கேள்விக்கு 'ஆம், மகள்', அவள் எந்த விசாவில் இருக்கிறாள் என்பதும். தங்கும் இடம் அவள் வீடு. எத்தனை நாள் என்பதற்கு மூன்று மாதம். எல்லாம் எழுதி முடித்தபோது, இதைத்தானே முதலிலேயே எழுதியிருக்கவேண்டும் என்று எரிச்சல்தான் வந்தது.

போட்டோ 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கழற்றிவிட்டு. ஸ்டூடியோவில் அன்பு மிகுந்து அப்பாவை வெளுப்பாக்கி, நெற்றிச் சுருக்கத்தையும் துடைத்துவிட்டார்கள், மாப்பிள்ளை மாதிரி இருந்தார், திரும்ப எடுக்கச் சொன்னேன். ஃபீஸ் 2024-ல் ஆளுக்கு 185 டாலர், நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு, மாதக்கணக்கில் தள்ளியே காட்டும், அப்பாயின்ட்மென்ட் வெப்சைட்டை அவ்வப்போது திறந்து பார்த்து, முன்னால் காலியானால் 2024-ல் மாற்றிக்கொள்ள முடிந்தது. அதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்தால் கணக்கையே முடக்கிவிடும், ஒருநாள் நான் அனுபவித்தேன்.

சென்னையில் இரண்டு வேலை, இரண்டு நாள். வந்தே பாரத் அப்போது நாகர்கோவிலில் இருந்து விட்டிருந்தார்கள், அப்பா அத்தனை மணி நேரம் உட்கார்ந்தே வரமாட்டேன் என்றதால் வழக்கம்போல் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். முதல் நாள் கைரேகையும் போட்டோவும். வெட்டுக்கத்தி பிடித்துத் தேய்ந்த விரல், மெஷின் எடுக்கவே இல்லை, அங்கே வேலை பார்த்த பெண் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்த பிறகுதான் விழுந்தது.

மறுநாள் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் கான்சுலேட். விண்ணப்பித்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம், போன் கொண்டுபோக முடியாது, ஆகவே இரண்டு பேரின் போனையும் பையையும் வைத்துக்கொண்டு நான் ரோட்டோரம் நின்றேன். உள்ளே நடந்தது அவர்கள் சொல்லித்தான் தெரியும், அதிலும் அப்பா சொல்வது ஒன்று, அம்மா சொல்வது ஒன்று. தமிழில் பேசலாம், மொழிபெயர்க்க ஆள் இருந்தார்கள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

போன தடவை ஏன் மறுத்தார்கள் என்று கேட்டதற்கு, ஃபாரம் தப்பாக நிரப்பியிருந்தது, மகள் இருப்பதை எழுதவில்லை என்று அப்பா நேராகச் சொல்லியிருக்கிறார். என்ன வேலை? ரப்பர். நீங்கள் போனால் யார் பார்ப்பார்கள்? இதற்கு நான் எந்தப் பதிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பிப்ரவரியில இலை உதுந்துரும், வெட்டு நிப்பாட்டணும்லா சார், மரத்துக்கு அது ஓய்வு. மே மாசம் மழைக்கு முன்னாடி மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டணும், அதுக்கு நான் இங்க இருக்கணும்" என்றிருக்கிறார். அம்மா கணக்குப்படி அப்பா அதற்கு மேலும் ரொம்ப நேரம் ரப்பர் பால் விலை பற்றிப் பேசினார், அதிகாரி சிரித்தார். ஒரு தாளையும் கேட்கவில்லை. மொழிபெயர்த்த பத்திரம், பட்டா, ரப்பர் ஷீட் விற்ற பில், பாஸ்புக் எல்லாம் பையில் அப்படியே திரும்பி வந்தன. பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள், வைத்துக்கொண்டால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என்று வரிசையில் நின்ற ஒரு அக்கா சொல்லித்தான் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பாஸ்போர்ட் கூரியரில் வீட்டுக்கே வந்தது, பி1/பி2 என்ற டூரிஸ்ட் விசா, பத்து வருடம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரலாம். பத்து வருடம் என்றால் பத்து வருடம் அங்கே உட்காரலாம் என்று பக்கத்து வீட்டில் பேச்சு. அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஏர்போர்ட்டில் இருக்கிற அதிகாரிதான் எதுவரை தங்கலாம் என்று முடிவு செய்வார், பொதுவாக ஆறு மாதம் வரை. அந்தத் தேதியை ஐ-94 என்ற பதிவில் ஆன்லைனில் பார்த்துக்கொள்ள வேண்டும், விசாவில் உள்ள தேதியைப் பார்த்து இருந்துவிடக் கூடாது.

அப்பா ஸ்டிக்கரில் இருந்த 2034-ஐ விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தோட்டத்துத் தென்பக்கம் முறிந்த மரங்களுக்குப் பதிலாக இந்த வருடம் கன்று வைத்தால் ஏழு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். டிக்கெட் திருவனந்தபுரத்தில் இருந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் போட்டிருக்கிறது. கோழியை யார் பார்ப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.