புது வாக்ஸுக்கு முன் பழையதை எடுத்த அனுபவம்

காருக்குப் புதிதாகப் பூசியதைவிட, பழைய வாக்ஸை எடுப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. அதன் மேலேயே பூசிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதே வகை வாக்ஸ் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நான் கார்னௌபா என்ற பனைமெழுகு வாக்ஸை விட்டு, செயற்கைப் பூச்சான சிந்தெடிக் சீலண்டுக்கு மாறினேன். அது பெயிண்டின் மேல் நேரடியாகப் படிந்தால்தான் நிற்கும். நடுவில் மெழுகு இருந்தால் பிடிப்பு இல்லை.

நிழலில் நிறுத்தி, தகடு ஆறியதும் கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வாக்ஸ் இருந்தால் தண்ணீர் முத்தாக உருளும், இல்லையென்றால் படரும். அழுக்கு இருந்தாலும் தண்ணீர் உருளாது, அதனால் கழுவிய பிறகுதான் இந்தச் சோதனை. பானட்டிலும் கூரையிலும் தண்ணீர் அப்படியே படர்ந்து நின்றது. வெயில் அடிக்கும் இடம், வாக்ஸ் எப்போதோ போயிருக்கிறது. கதவுகளில் மட்டும் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஆக, கார் முழுவதற்கும் ஒரே வேலை இல்லை.

பாத்திரம் கழுவும் சோப்பே போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சரி. நல்ல வாக்ஸ் ஒரு கழுவலில் முழுதாகப் போகாது. வாக்ஸ் நீக்கும் ஷாம்பூவால் கதவுகளைக் கழுவினேன். முத்துகள் பெரிதாகித் தட்டையாயின, ஆனால் மறையவில்லை.

அப்புறம் க்ளே பார், அதாவது பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். வழவழப்புத் திரவமான லூப்ரிகண்டைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் தேய்த்தேன். முதலில் கரகரவென்று சத்தம் வரும். அது அடங்கி க்ளே வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. க்ளேயை அடிக்கடி மடித்துப் புதுப்பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும். கீழே விழுந்தால் எவ்வளவு பெரிய துண்டானாலும் தூக்கி எறியுங்கள். ஒட்டிய மணல் கீறிவிடும், பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான க்ளியர் கோட் அவ்வளவு தடிமன் கிடையாது. கதவின் கீழ்ப்பகுதியில்தான் க்ளே அதிகம் கறுத்தது, தார்ப்புள்ளிகள்.

கடைசியாக, ஒரு பங்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துச் சிறுசிறு பகுதியாகத் துடைத்தேன். மிச்ச மெழுகும் லூப்ரிகண்டின் வழவழப்பும் இதில்தான் போகும். புதிதாகப் பெயிண்ட் அடித்த காரில் இதைச் செய்யாதீர்கள். மறுபடி தண்ணீர் ஊற்றியபோது கதவிலும் பானட்டைப் போலவே படர்ந்தது.

மிச்சமிருந்தது கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளையாய்க் காய்ந்திருந்த பழைய வாக்ஸ். அதற்கு நீர்த்த ஆல் பர்ப்பஸ் க்ளீனரும் பழைய டூத் பிரஷும் போதுமாக இருந்தது. சீலண்டைப் பூசுவதற்கு முன், இந்த முறை அந்த ஓரங்களுக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டேன்.