இரண்டாவது முறை தோள் இறங்கியபோது

பைக்கிலிருந்து விழுந்து வலது தோள்பட்டை முதல் முறை இறங்கியபோது, அதாவது மேல்கை எலும்பின் பந்து அதன் குழியிலிருந்து நழுவியபோது, எனக்கு 24 வயது. நழுவிய தோள் மூட்டைத் திரும்பக் குழியில் ஏற்றி, எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லை என்று ஸ்லிங் (கையைத் தாங்கும் பட்டை) மாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் வலி போனது. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன். இளம் வயதில் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்கும் வாய்ப்பு அதிகம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து, பரணிலிருந்து பெட்டி எடுக்கக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான், மறுபடி இறங்கிவிட்டது.

இந்த முறை பார்த்த எலும்பு மருத்துவர், மூட்டை ஏற்றுவதற்கு முன்பே என் மேல்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டு, "இங்கே தொடுவது தெரிகிறதா?" என்று கேட்டார். உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருந்தது. தோள் நழுவும்போது தோளைச் சுற்றிப் போகும் ஆக்சிலரி நரம்பு இழுபடலாம்; அதைக் காட்டிக்கொடுக்கும் இடம் அது. ஏற்றிய பிறகும் தொட்டுப் பார்த்தார். மரப்பு முழுதாகப் போக இரண்டு மாதம் ஆனது. தோள் இறங்கி மருத்துவரிடம் போகிற யாரும் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் இரண்டு காயங்கள் தெரிந்தன. குழியின் முன்விளிம்பில் லேப்ரம் என்கிற வளையம் பிய்ந்திருந்தது. அது பேங்கார்ட் காயம். விளிம்பில் மோதியதில் பந்தெலும்பின் பின்பக்கம் நசுங்கிப் பள்ளமாகியிருந்தது, அது ஹில்-சாக்ஸ். கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பினால் பள்ளம் விளிம்பில் மாட்டிப் பந்து வெளியே வந்துவிடும். பரணுக்குக் கீழே நடந்தது அதுதான். குழியின் எலும்பு அதிகம் தேய்ந்திருந்தால் பக்கத்து எலும்புத் துண்டை வெட்டி வைக்கும் லாட்டர்ஜே அறுவை தேவைப்பட்டிருக்கும். சி.டி. ஸ்கேனில் அந்த அளவு தேய்மானம் இல்லை. அதனால் ஆர்த்ரோஸ்கோபியிலேயே (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூன்று ஆங்கர், அதாவது எலும்பில் பதிக்கும் நூல் கோத்த சிறு முளைகள், போட்டு லேப்ரத்தைத் தைத்தார்கள். பின்பக்கத் தசைநாரைப் பள்ளத்துக்குள் இழுத்தும் தைத்தார்கள்.

கண் விழித்தபோது குரல் கம்மியிருந்தது, வலது இமை தொங்கியது. மிகவும் பயந்துவிட்டேன். கழுத்தில் போட்ட மரப்பு ஊசியின் விளைவாம், மறுநாள் போய்விட்டது. முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஆறு வாரம் ஸ்லிங். படுத்தால் வலித்ததால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினேன். அக்குளைக் கழுவ, இடுப்பை வளைத்துக் குனிந்து கையைத் தானாகத் தொங்கவிட வேண்டும், தூக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் முதலில் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்.

இப்போது ஐந்தாவது மாதம். தலை சீவ முடிகிறது. முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளியே திருப்பினால், இடது கை போகிற தூரத்துக்கு வலது கை இன்னும் போகவில்லை. பரணில் எதை எடுக்கவும் இப்போதைக்கு ஸ்டூல்தான்.